வீட்டுத் தோட்டத்தில் வெங்காயம்: துணைப்பயிரும் பயிர்ச் சுழற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டையொட்டி ஐந்து சென்ட்டோ பத்து சென்ட்டோ நிலம் வைத்துக் காய்கறி பயிரிடுவோர் வெங்காயத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வெங்காயம் என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில், விதைக்காயை ஊன்றி 65 முதல் 70 நாளில் அறுவடை செய்யும் சின்ன வெங்காயத்தையே குறிக்கிறோம். பெரிய வெங்காயமான பெல்லாரிக்கு முறை மாறுபடும் இடங்களில் அது தனியே சொல்லப்படும்.

வெங்காயத்திற்குத் துணைப்பயிர் முக்கியமா, பயிர்ச் சுழற்சி முக்கியமா?

இரண்டும் பயன் தருவனவே. ஆனால் ஒன்றுக்குத்தான் நேரமும் இடமும் இருக்கிறது என்றால் சுழற்சிக்கே முதலிடம் தர வேண்டும். வெங்காயத்தின் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைவிட, அந்தப் பாத்தியில் அதற்கு முன் என்ன நின்றது என்பதே விளைச்சலை அதிகம் தீர்மானிக்கிறது. வெங்காயத்தைக் கெடுக்கும் பெரிய நோய்கள் மண்ணில் தங்குபவை அல்லது முந்தைய பயிரின் கழிவில் தங்குபவை. வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே நிற்பதால், அந்த ஒரு சாண் மண் என்ன நிலையில் இருக்கிறதோ அதுவே பயிரின் நிலை. துணைப்பயிரால் இடம் மிச்சமாகும், தாளைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேன் ஓரளவு குறையும், வீட்டுக்கு இன்னொரு காயும் கிடைக்கும். அடியழுகல், அதாவது காயின் அடித்தட்டும் வேரும் அழுகும் நோய், வந்த மண்ணை எந்தத் துணைப்பயிராலும் நல்ல மண்ணாக்க முடியாது.

ஒரே பாத்தியில் மீண்டும் வெங்காயம் வைக்க எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?

நோய் தென்படாத பாத்தி என்றால் குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி விடுவது நல்லது. அடியழுகல் ஒரு முறை வந்த பாத்தி என்றால் நான்கு ஆண்டுக்குக் குறையாமல் விட வேண்டும். இங்கே பலர் பட்டத்தைக் கணக்கிட்டு ஏமாறுகிறார்கள். வைகாசியில் வெங்காயம், ஆடியில் கத்தரி, தையில் வெண்டை, அடுத்த வைகாசியில் மறுபடி வெங்காயம் என்று வைத்துவிட்டு, நடுவில் இரண்டு பயிர் மாற்றிவிட்டோம் என்று சொல்கிறார்கள். அடியழுகலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூசணத்தின் தடித்த சுவர் கொண்ட வித்துக்கள் வெங்காயமோ பூண்டோ இல்லாமலும் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். அவற்றின் எண்ணிக்கை மெல்ல மெல்லத்தான் குறையும். ஆகையால் கணக்கிட வேண்டியது ஆண்டுகளை. பட்டங்களை எண்ணிப் பயனில்லை.

பூண்டும் வெங்காயக் குடும்பமே என்பதால், வெங்காயத்திற்குப் பதில் பூண்டு வைத்தேன் என்பதைச் சுழற்சியாகக் கொள்ள முடியாது. அறுவடையின்போது மண்ணில் விடுபட்டு, அடுத்த பயிருக்கு நடுவே தாமாக முளைக்கும் வெங்காயத்தையும் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். மூன்று ஆண்டு இடைவெளி விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கையில், நோய்க்கும் இலைப்பேனுக்கும் அந்த நாலைந்து செடிகளே புகலிடமாகிவிடும்.

வெங்காயத்திற்கு முன்பு எந்தப் பயிர் நின்றால் நல்லது?

கேழ்வரகு, மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகிய தானியங்களும் பயறு வகைகளும் நல்ல முன்பயிர்கள். நம் மாவட்டங்களில் ராகி எங்கும் விளைவதால், வெங்காயத்திற்கு முன்பயிராக முதலில் அதையே பரிந்துரைக்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ராகியிலும் கொள்ளிலும் இரகங்கள் வெளிவந்திருக்கின்றன. இந்த மண்ணுக்கும் மழைக்கும் இந்த இரண்டு பயிர்களும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு அதுவே போதும்.

தானியம் ஏன் நல்லது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வெங்காயத்தைத் தாக்கும் ஃபியூசேரியம் வகை தானியத்தில் பெருகுவதில்லை என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வெங்காயச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளை நூல்போல் நீண்ட வேர்கள் இருக்கும். அவற்றில் கிளைகள் மிகக் குறைவு, மற்றச் செடிகளில் காணப்படும் மெல்லிய வேர்த்தூவிகளும் குறைவு. இப்படிப்பட்ட வேரால் மணிச்சத்தை (பாஸ்பரஸை) தானாகத் தேடி எடுப்பது கடினம். அந்தக் குறையை ஈடுசெய்வது வேர் உட்பூசணம், அதாவது உழவர்கள் வேம் என்று வாங்கிப் போடும் பூசணம். அது வேருக்குள் வாழ்ந்துகொண்டு, வேர் எட்டாத தூரம் வரை தன் இழைகளை அனுப்பி மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இந்த நல்ல பூசணம் உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். ராகி, மக்காச்சோளம், தட்டைப்பயறு, கொள்ளு போன்றவற்றின் வேரில் அது செழித்து வளரும். அந்தப் பயிர்களை அறுத்தபின் வெங்காயம் ஊன்றினால், பூசணம் ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண்ணில் வேர் இறங்குகிறது.

ராகி அறுத்த பாத்தியில் உடனே வெங்காயம் ஊன்றக் கூடாது. தூரும் தாளும் மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். அப்போது ஊன்றிய வெங்காயம் வெளிறி நிற்கும். தூரைக் கொத்திப் புரட்டி, ஈரம் கொடுத்து, குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும்.

முட்டைகோஸ், முள்ளங்கி, கீரை ஆகியவற்றுக்குப் பின் வெங்காயம் வைக்கலாமா?

வைக்கலாம், நோய் வகையில் கேடில்லை. ஆனால் முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகிய கடுகுக் குடும்பப் பயிர்களின் வேரில் மேலே சொன்ன நல்ல பூசணம் வாழ்வதில்லை. தண்டுக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். இவற்றுக்குப் பின் ஊன்றும் வெங்காயம் தொடக்கத்தில் மந்தமாக இருக்கக் காரணம் இதுவே. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி போன்ற மேட்டுப் பகுதிகளில் குளிர்ச்சியால் கோஸும் முள்ளங்கியும் மாறி மாறி வைக்கப்படுவதால், அங்கே இந்தக் குறை அதிகம் தெரியும். நடுவில் ஒரு பட்டம் பயறோ மக்காச்சோளமோ விதைத்துவிட்டு வெங்காயத்துக்கு வருவது நல்லது. முட்டைகோஸில் இன்னொரு சிக்கலும் உண்டு: வெங்காயத்தைத் தாக்கும் அதே இலைப்பேன் கோஸிலும் வளரும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த பாத்திகளில் ஒரே காலத்தில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நிலக்கடலை நின்ற இடத்தில் வெங்காயம் நன்றாக வருமா?

கடலை நோயில்லாமல் விளைந்திருந்தால் நன்றாகவே வரும். கடலையில் தண்டழுகல் இருந்ததா என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். செடியின் அடித்தண்டில் வெள்ளை நூல்போன்ற பூசணம் படர்ந்து, அதன் மேலும் சுற்றியுள்ள மண்ணிலும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் கிடந்திருந்தால், அது ஸ்கிளிரோசியம் ரோல்ப்சி என்னும் பூசணம். இதற்கு இந்தப் பயிர், அந்தப் பயிர் என்ற வேறுபாடில்லை. நூற்றுக்கணக்கான தாவரங்களைத் தாக்கும், வெங்காயத்தையும் தக்காளியையும் விடாது. ராகியிலும் அடியழுகலை உண்டாக்குவது இதே பூசணம் என்பதால், இந்த ஓரிடத்தில் மட்டும் ராகியை முன்பயிராகச் சொல்ல மாட்டோம். மக்காச்சோளமோ சோளமோ விதைப்பதே ஏற்றது. மட்காத இலைதழையை மண்ணின் மேற்பரப்பில் விட்டு வைத்தால் இந்தப் பூசணம் பெருகும். ஆகையால் கடலைக்கொடியை அகற்றிவிட்டு, மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்ட வேண்டும்.

வெங்காயத்துடன் சேர்த்து எந்தெந்தப் பயிர்களை வைக்கலாம்?

வெங்காயத்தோடு எது சேரும் என்பதைத் தீர்மானிப்பவை வெளிச்சமும் தண்ணீரும். வெங்காயக் கிழங்கின் ஒவ்வொரு சதைத் தோலும் ஒரு தாளின் அடிப்பகுதியே. தாளின் எண்ணிக்கையும் பருமனும் குறைந்தால் காயும் சிறுக்கும். தாள் மெல்லியதாகவும் நிமிர்ந்தும் இருப்பதால் வெங்காயத்தால் எந்தச் செடிக்கும் நிழல் விழாது. ஆனால் எந்தச் செடியின் நிழலையும் அது தாங்காது. தன் நிழலால் களையை அடக்கும் திறனும் அதற்கு இல்லை. ஆகவே வெங்காயத்தின் முதல் 65, 70 நாட்களில் மெதுவாக வளர்ந்து, அதன் பிறகு படர்ந்து விரியும் பயிர்களே அதற்கு நல்ல துணை.

இந்த வகையில் முதலில் நிற்பது மஞ்சள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கங்களில் வைகாசி, ஆனியில் மஞ்சள் ஊன்றும்போதே பாரின் (மண் அணைத்த மேட்டு வரிசையின்) பக்கத்தில் சின்ன வெங்காயத்தையும் ஊன்றிவிட்டால், மஞ்சள் இலை விரிந்து நிலத்தை மூடும் முன்பே வெங்காயத்தைப் பிடுங்கிவிடலாம். மூன்றடிக்கு மூன்றடியில் நடும் மரவள்ளியும் முதல் மூன்று மாதம் இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதால் அதிலும் வெங்காயம் நன்றாக வரும். கத்தரியும் மிளகாயும் அப்படியே. மிளகாய், கொத்தமல்லி, வெங்காயம் மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து வைப்பது தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அதை நம் வீட்டுத் தோட்டத்துக்கும் கொண்டுவரலாம்.

கொத்தமல்லியைப் பற்றித் தனியே ஒரு சொல். 40 நாளுக்குள் தழைக்காகப் பறித்துவிடலாம் என்பதால் அதனால் இடையூறு இல்லை. பாத்தியின் ஓரத்தில் சில செடிகளைப் பறிக்காமல் பூக்க விட்டால், அந்தச் சிறு வெள்ளைப் பூக்களுக்கு, பயிரைத் தாக்கும் பூச்சிகளை அழிக்கும் பொறிவண்டுகளும் சிர்ஃபிட் ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வந்து சேரும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வேரோடு பிடுங்கிவிடுவது இந்த நன்மையை நாமே தள்ளிவிடுவதாகும்.

தண்ணீர்தான் பெரும்பாலோர் தடுமாறும் இடம். வெங்காயத்தின் தாள் சாயத் தொடங்கியதும் பத்து நாள் அளவுக்கு நீரை நிறுத்த வேண்டும். அப்போதுதான் கழுத்து வற்றி, காய் சேமிப்பில் கெடாமல் இருக்கும். அதே நேரத்தில் உடன் நிற்கும் கத்தரி பூக்கத் தொடங்கியிருக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே வாய்க்காலில் வைத்திருந்தால் ஒன்று கெடும். பாரின் ஒரு பக்கம் கத்தரியும் மறுபக்கம் வெங்காயமும் இருக்குமாறு அமைத்து, கடைசி நாட்களில் கத்தரிப் பக்கத்து வாய்க்காலில் மட்டும் நீர் விடுவது எளிய தீர்வு. சொட்டுநீர் வைத்திருப்போர் வெங்காய வரிசைக்குத் தனி அடைப்பான் வைத்துக்கொள்ளலாம். பெல்லாரிக்கு நாற்று நட்டபின் நான்கு மாதம் வரை ஆகும் என்பதால், இந்த ஊடுபயிர் முறைகளில் அதைச் சேர்ப்பது சரிவராது. அதற்குத் தனிப் பாத்தி ஒதுக்குவதே நல்லது.

தக்காளியோடு வெங்காயம் சேருமா?

குச்சி நட்டுக் கட்டும் தக்காளி இரண்டு மாதத்தில் ஆளுயரம் வளர்ந்து வெங்காயத்துக்கு நிழலாகிவிடும். அதனால் ஒரே பாத்தியில் கலந்து வைப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரங்களில் தக்காளி எங்கும் நிற்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. முன்னும் பின்னுமாக வைத்தால் இரண்டுக்கும் நல்லது. தக்காளிக்குப் பிறகு வெங்காயம் வைக்கும்போது, தக்காளிக்குப் போட்ட எருவும் உரமும் மண்ணில் எஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு தழைச்சத்தைக் குறைத்துப் போட வேண்டும். வெங்காயத்துக்குப் பிந்திய நாட்களில் தழைச்சத்து மிகுந்தால் கழுத்து தடித்து, காய் முற்றத் தாமதமாகும். அந்தக் காய் பரணில் நிற்காது.

அவரை, பீன்ஸ் பக்கத்தில் வெங்காயம் வைத்தால் இரண்டும் வளராது என்கிறார்களே?

வெளிநாட்டுத் துணைப்பயிர்ப் பட்டியல்கள் பலவற்றில் இந்தத் தடை இருக்கிறது. வெங்காயத்தின் வேரிலிருந்து வரும் ஏதோ ஒன்று பயறு வகைகளை முடக்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் எழுதப்பட்டு வந்திருக்கிறது. இருப்பினும் பந்தல் அவரைக்குக் கீழே வெங்காயம் வைப்பது தவறு. காரணம் முழுக்க முழுக்க நிழல்தான். அவரையைச் சுழற்சியில் வெங்காயத்துக்கு முன்னால் கொண்டுவந்தால், அதன் வேர் விட்டுச் செல்லும் தழைச்சத்தும் நல்ல பூசணமும் வெங்காயத்துக்குக் கிடைக்கும்.

காரட்டும் வெங்காயமும் ஒன்றுக்கொன்று பூச்சியை விரட்டும் என்பது உண்மையா?

ஒரு பகுதி உண்மை. இங்கிலாந்தில் இரண்டையும் கலந்து பயிரிட்டுப் பார்த்து, 1984-இல் வெளியான ஆய்வில் காரட் ஈயின் தாக்குதல் குறைந்ததும் வெங்காயத்தில் இலைப்பேன் குறைந்ததும் பதிவாகியுள்ளன. காரட் ஈ குளிர்நாட்டுப் பூச்சி. ஓசூர்ப் பக்கத்துக் காரட்டுக்கு அதனால் தொல்லை இல்லை. ஆகவே அந்தப் புகழ்பெற்ற இணையின் பாதிப் பயன் நமக்குப் பொருந்தாது. மீதிப் பாதிக்காக, குளிர்ச்சியான பகுதியில் இருப்போர் இரண்டையும் வரிசை மாற்றி வைக்கலாம். இரண்டுக்கும் பொலபொலப்பான மண்ணும் அளவான நீரும் போதும். தருமபுரி சமவெளியின் வெயிலில் காரட்டுக்கு வேலையில்லை.

இலைப்பேனைக் குறைக்கத் துணைப்பயிர் உதவுமா?

உதவும். வெங்காயத்தில் துணைப்பயிரின் உண்மையான பயன் தெரிவது இங்கேதான். முதலில் இலைப்பேன் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். நடுத்தாள்கள் பிரியும் இடுக்கை விரலால் விரித்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில், கண்ணுக்குக் கீற்றுப்போல மட்டுமே தெரியும் குஞ்சுகள் அந்த இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். தாளில் வெள்ளிக் கோடுகளும் அவற்றின் மேல் கரும்புள்ளிகளும் இருந்தால் அவை சுரண்டிச் சாறு உறிஞ்சிய தடங்கள். அந்தக் காயங்களின் வழியாகத்தான் ஊதா நிறப் புள்ளி விழும் தாள்நோயும் எளிதில் நுழைகிறது. ஆகவே பேனைக் குறைப்பது நோயையும் குறைப்பதாகும்.

புனேவுக்கு அருகே ராஜகுருநகரில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்ககம், வெங்காய நடவுக்கு ஒரு மாதம் முன்பே நிலத்தைச் சுற்றி மக்காச்சோளத்தை வேலியாக விதைக்கப் பரிந்துரைக்கிறது. இலைப்பேனுக்குத் தானாக நெடுந்தூரம் பறக்கும் வலிமை இல்லை. காற்றில் மிதந்து வரும் பேனை மக்காச்சோள வேலி தடுத்துவிடும்.

ஒன்றிரண்டு சென்ட் தோட்டத்தில் நான்கு பக்கமும் மக்காச்சோளம் வைத்தால் நிழல் விழுமே என்ற தயக்கம் நியாயமானது. நம் ஊர் 12 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவெயில் சற்று வடக்கிலிருந்து விழும். அப்போது காற்று தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே வைகாசி வெங்காயத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் இரண்டு வரிசை மக்காச்சோளம் போதும். மேற்கில் மட்டும் இரண்டடி தள்ளி விதைத்தால் மாலை நிழலும் குறையும். ஐப்பசி வெங்காயத்துக்கு வெயில் தெற்கிலும் காற்று வடகிழக்கிலும் இருக்கும் என்பதால் வேலியை வடக்கிலும் கிழக்கிலும் வையுங்கள்.

ராகித் தாளையோ வைக்கோலையோ வரிசைகளுக்கு நடுவே மெல்லிய மூடாக்காகப் போடுவதும் பேனைக் குறைக்கும். பேன் தன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில் கழிப்பதால் மூடாக்கு அதற்கு இடைஞ்சலாகிறது. மழைக்காலப் பயிருக்கு இந்த மூடாக்கு வேண்டாம். ஈரம் தேங்கி அழுகல் வரும்.

செண்டுமல்லி நட்டால் நூற்புழு போய்விடுமா?

காவேரிப்பட்டணம், ராயக்கோட்டைப் பக்கங்களில் செண்டுமல்லி நிறையவே விளைவதால் நாற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெங்காயப் பாத்தியின் மூலையில் நாலு செடி நடுவதால், மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு குறைந்துவிடாது. அதன் வேரிலுள்ள பொருள் நூற்புழுவைக் கொல்வது வேர் பரவியிருக்கும் இடத்தில் மட்டுமே. பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பூவைப் பறித்து விற்றுவிட்டு, செடியை மடக்கி உழுதபின் வெங்காயம் வைத்தால் பலன் தெரியும். அதாவது செண்டுமல்லியைத் துணைப்பயிராகக் கருதாமல் சுழற்சிப் பயிராகக் கொள்ள வேண்டும். அதன் பூவில் பூப்பேன்கள் தங்குவதும் உண்டு. வெங்காயத்துக்கு மிக அருகில் பூக்க விடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெங்காய வாசனைக்குப் பூச்சி எதுவும் வராது என்பதால் எல்லாப் பாத்தியிலும் ஓரமாக நட்டு வைக்கலாமா?

வேண்டாம். வாசனையால் கிடைக்கும் பயன் சிறிது. தோட்டம் முழுவதும் வெங்காயத்தைச் சிதறி நட்டுவிட்டால் வெங்காயம் நிற்காத பாத்தி என்று ஒன்றுமே இருக்காது. பிறகு சுழற்சிக்கு இடம் ஏது?

வெங்காயம் எடுத்த பின் அந்தப் பாத்தியில் எதை வைப்பது?

பூண்டைத் தவிர எதையும் வைக்கலாம். ஆனி இறுதியிலோ ஆடியிலோ பாத்தி காலியாகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்கு ஏற்பக் கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை எதுவும் அப்போது தொடங்கும். வெங்காயம் மேல்மண்ணில் மட்டுமே சத்தெடுத்திருக்கும் என்பதால் ஆழமாக வேர்விடும் பயிர் வந்தால் கீழ்மண்ணின் சத்தும் பயன்படும். அறுவடைக்குப் பின் உதிர்ந்த தாளையும் அழுகிய காயையும் பாத்தியிலேயே விட்டுவிடாமல் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஊதாப் புள்ளி நோயின் பூசணம் அந்தத் தாளில்தான் அடுத்த பயிருக்குக் காத்திருக்கிறது.

நான்கு சென்ட் தோட்டத்துக்கு ஒரு சுழற்சித் திட்டம் சொல்ல முடியுமா?

நான்கு பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்ட். ஒன்றைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் தனியே விட்டுவிடலாம். வெங்காயத்துக்கு உகந்த பூசணத்தை வளர்க்காத பயிர்கள் அங்கேயே மாறி மாறி நிற்கட்டும். மீதி மூன்றில் சுழற்சி நடக்கும். பீர்க்கன், புடலை, பாகல் போன்ற கொடிகள் வடக்கு வேலியிலோ மேற்கு வேலியிலோ ஏறட்டும்.

ஒரு பாத்தியை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். முதல் ஆண்டு சித்திரை இறுதியில் அல்லது வைகாசியில் வெங்காயம் ஊன்றுகிறோம். ஒரு சென்ட்டுக்கு நான்கு முதல் ஆறு கிலோ விதைக்காயும், நன்கு மட்கிய தொழு எரு 100 கிலோவும் வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒரு பார் பிடித்து, பாரின் இரு பக்கமும் நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்ற வேண்டும். ஆடியில் வெங்காயத்தை எடுத்துவிட்டு, முன்கூட்டியே நாற்றங்காலில் வளர்த்த கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை நடுகிறோம்; மீண்டும் எரு போடுவது இதற்குத்தான். அவை பங்குனி வரை காய்க்கும். சித்திரை, வைகாசியில் மண் காயட்டும். இரண்டாம் ஆண்டு ஆடியில் அவரையோ தட்டைப்பயறோ கொத்தவரையோ விதைக்கிறோம். தையில் அது முடிந்ததும் வெண்டை. மூன்றாம் ஆண்டு ஆடியில் ராகி நாற்று நட்டு, கார்த்திகையில் கதிர் அறுக்கிறோம். மார்கழியில் சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில், அதாவது 45 நாள் அளவில், மடக்கி மண்ணில் புதைக்கிறோம். மாசியும் பங்குனியும் அது மட்குவதற்கு. நான்காம் ஆண்டு சித்திரை இறுதியில் மறுபடி வெங்காயம்.

மற்ற இரண்டு பாத்திகளும் இதே வரிசையில் ஓராண்டு தள்ளித் தள்ளி நடக்குமாறு வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் ஒரு சென்ட்டில் வெங்காயம் இருக்கும். எந்தப் பாத்திக்கும் மூன்று ஆண்டுக்குள் அது திரும்பி வராது. ஹெக்டேருக்கு 12 டன் என்ற சாதாரண விளைச்சல் கணக்கில் பார்த்தால்கூடச் சென்ட்டுக்கு 50 கிலோ அளவில் காய் கிடைக்க வேண்டும். வைகாசிப் பட்டத்தை இங்கே தேர்ந்ததற்குக் காரணம், நம் மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசியில் கொட்டும் மழைக்கு முன்பே காய் வீட்டுக்கு வந்துவிடும் என்பதே. ஐப்பசிப் பட்டமும் வழக்கத்தில் உள்ளதுதான். அதற்கு மேட்டுப்பாத்தியும் நல்ல வடிகாலும் கட்டாயம். எந்தப் பாத்தியில் எந்த ஆண்டு என்ன நின்றது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து குறித்து வையுங்கள்; இரண்டு ஆண்டுக்கு மேல் அது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. சுழற்சியில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் வெங்காயமும் ஒன்று. உப்பு நீர் மட்டுமே உள்ளவர்கள், மழையில் மேல்மண் கழுவப்பட்ட பின் வரும் கார்த்திகைத் தொடக்க நடவுக்கு மாறுவது நல்லது. அப்போது ராகிக்குப் பதிலாக, வைகாசியில் விதைத்து ஆவணியில் முடியும் மக்காச்சோளத்தை முன்பயிராக்கிக் கொள்ளலாம்.

மாடித் தோட்டத்தில் பைகளில் வளர்க்கிறோம். அங்கும் சுழற்சி வேண்டுமா?

வேண்டும், பையில் செய்வது இன்னும் எளிது. வெங்காயம் எடுத்த பையில் அடுத்து வெண்டை, அதற்கடுத்துக் கொத்தவரை என்று பயிரை மாற்றி, பையின் மேல் எண் எழுதி வைத்தால் போதும். வெங்காயத்துக்கு ஒரு சாண் ஆழமுள்ள அகலமான பையே போதும். ஆழமான பைகளைத் தக்காளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பையின் மண்ணை வேறு பைகளில் கலக்க வேண்டாம்.

பாத்தியில் அடியழுகல் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் அது அடியழுகல்தானா என்று உறுதி செய்ய வேண்டும். தாளின் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கீழே இறங்கும். செடியை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். வேர்கள் அழுகி உதிர்ந்திருக்கும். காயை நெடுக்காக வெட்டினால் அடித்தட்டு பழுப்பேறி, சில நேரம் வெள்ளைப் பூசணத்தோடு இருக்கும். தாள் திருகிச் சுருண்டு, கழுத்து நீண்டு, வேர் நன்றாகவே இருந்தால் அது திருகல் நோய். அதற்கு மருத்துவம் வேறு.

அடியழுகல் என்றால், தாக்கப்பட்ட செடிகளைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளித் தோட்டத்துக்கு வெளியே அகற்ற வேண்டும். எருக்குழியில் போட்டால் அந்த எரு வழியாக நோய் எல்லாப் பாத்திக்கும் பரவும். அந்தப் பாத்தியில் கொத்திய மண்வெட்டியைக் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும். பாய்ச்சிய நீர் அங்கிருந்து வழிந்து மற்றப் பாத்திக்குப் போகாதபடி வரப்பை உயர்த்த வேண்டும்.

அடுத்த கோடையில் கத்திரி வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பாத்தியைக் கொத்திப் பொடியாக்கி, நன்றாக நீர் பாய்ச்சி, நிறமில்லாத மெல்லிய பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி இழுத்து விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதவாறு மண்போட்டு மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கருப்புத் தாள் இதற்கு உதவாது. வெயில் மண்ணுக்குள் இறங்கத் தெளிந்த தாளே வேண்டும். மேல்மண்ணில் உள்ள பூசணத்தின் அளவு இதனால் வெகுவாகக் குறையும், ஆனால் முற்றாக ஒழியாது. தாளை எடுத்தபின், நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணமான ட்ரைக்கோடெர்மா விரிடியை நன்கு மட்கிய எருவில் கலந்து, நிழலில் சில நாள் ஈரமாக வைத்திருந்து, மண்ணில் இட வேண்டும். வெயிலில் கெட்ட நுண்ணுயிரோடு நல்லதும் குறைந்திருக்கும். வெறும் மண்ணாக விட்டால் முதலில் எது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. பிறகு நான்கு ஆண்டு வரை ராகி, மக்காச்சோளம், பயறு, கத்தரி எதுவும் அங்கே நிற்கலாம். வெங்காயமும் பூண்டும் மட்டும் கூடாது.

விதைக்காயையும் மாற்ற வேண்டும், ஏனெனில் இந்த நோய் பெரும்பாலும் விதைக்காயோடுதான் தோட்டத்துக்குள் வருகிறது. வாங்கும் காயின் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருப்பதைக் கழித்துவிட்டு, கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து ஊன்றுங்கள். நோய் வந்த பாத்தியில் எடுத்த காய்களில் நல்லதாகத் தெரிபவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பருமனாக இருந்தாலும் அவற்றில் ஒன்றைக்கூட விதைக்கு எடுத்து வைக்கக் கூடாது.